மறுப்பு வேண்டி ஒரு விண்ணப்பம்

தபால்பெட்டியில் ஒட்டியிருந்த தன் பெயரை வாஷிங்டன் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. பாதி பெயர் போயிருந்தது. மீதிப் பாதி பசையோடு பிடிவாதம் பிடித்தது.

"என்ன பண்றீங்க?"

முதல் மாடி குரோட்கே. ரயில்வேயில் நாற்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு அந்தக் கட்டடத்தையே ஒரு ரயில் நிலையமாக நினைத்து நடத்திவந்தார்.

"எழுத்து மங்கிப் போச்சு. அதான் எடுக்கறேன்."

"பேர் இல்லாத பெட்டியில தபால்காரர் ஒரு துண்டுச் சீட்டுகூடப் போட மாட்டாரு. தெரியுமில்ல?"

"அப்படியா?" என்றார் வாஷிங்டன்.

தெரியும். தெரிந்துதான் சுரண்டினார். வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து எந்த நாளும் ஒரு கடிதம் வரலாம். இன்ன தேதிக்கு, இத்தனை மணிக்கு, இன்னின்ன காகிதங்களோடு நேரில் வரவும் என்று அதில் இருக்கும். அது வராவிட்டால் அவர் போக வேண்டாம். போகாவிட்டால் அக்டோபர் முப்பத்தொன்றோடு இங்கே தங்கும் அனுமதி முடியும். முடிந்தால் விமானம் ஏறி சொந்த ஊர் மாண்டிவிடியோவுக்குப் போய்விடலாம்.

பெர்லினில் கரி அடுப்பு வைத்த பழைய வீடுகள் இன்னும் மலிவு வாடகைக்குக் கிடைத்த காலம் அது. நொய்க்கோல்ன் பேட்டைப் பக்கம் கால் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு கலைஞர் மேல்தான் விழ வேண்டும். ஆஸ்திரேலியாக்காரர் பழைய கதவுகளில் ஓவியம் வரைவார், சிலிக்காரி பொம்மலாட்டம் நடத்துவாள், கனடாக்காரர் என்ன செய்கிறார் என்பது அவருக்கே தெரியாது. எல்லோருக்கும் ஒரே கவலைதான். சுயதொழில் செய்கிறவர் என்று பாஸ்போர்ட்டில் அனுமதி ஒட்டுத்தாள் விழ வேண்டும். விழுந்துவிட்டால் அன்று சாயங்காலம் அவர் செலவில் தெருவுக்கே பீர். காகிதக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் தைரியம் சொன்ன அந்த நாட்களை இப்போது நினைத்தாலும் மனசு இளகுகிறது. அத்தனை பேர் நடுவில் அந்த ஒட்டுத்தாள் தனக்கு மட்டும் விழுந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டவர் வாஷிங்டன்.

வாஷிங்டன் எச்சவெர்ரி, வயது நாற்பத்துமூன்று. பெயரைக் கேட்டு அமெரிக்காவா என்பார்கள். இல்லை, உருகுவே. அந்த நாட்டில் பிள்ளைகளுக்கு இப்படிப் பெயர் வைப்பது சகஜம். தொழில் முரசு. மாண்டிவிடியோவில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் தெருமுனையில் பழைய பேப்பரைக் குவித்துக் கொளுத்தி, சுற்றிலும் முரசுகளைச் சாய்த்து வைத்துத் தோலைக் காய்ச்சுவார்கள். தோல் விறைத்ததும் அறுபது பேர் வரிசையாக அடித்துக்கொண்டு தெருவில் நடப்பார்கள். அதற்குப் பெயர் கந்தோம்பே. ஜனங்கள் நாற்காலியை நடைபாதையில் போட்டு உட்கார்ந்து பார்ப்பார்கள். குழந்தையைத் தூங்க வைக்க வேண்டிய தாய்கூட வாசலில் நின்று ஆடுவாள்.

அதையெல்லாம் விட்டுவிட்டு இங்கே வந்ததற்குக் காரணம் அவருடைய வாய்தான். என்றைக்கோ ஒரு ஜெர்மன் சுற்றுலாப் பயணி அவர் அடிப்பதைக் கேட்டுவிட்டு, "நீங்க பெர்லின்ல இருக்க வேண்டிய ஆளு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து பத்து வருஷம் வாஷிங்டன் பெர்லின் புராணமே பாடினார். கடைசியில் ஒரு நாள் மனைவி சுல்மா, பன்னிரண்டு வருஷம் நின்ற மருந்துக்கடை வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, "வா கிழவா, உன் ஆசைதானே, போய்ப் பார்த்துடுவோம்" என்றாள். அங்கே புருஷனும் பெண்டாட்டியும் இருபத்தைந்து வயதிலேயே கிழவா, கிழவி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

மொழி படிக்க என்று ஓராண்டு அனுமதியில் வந்தார்கள். வந்த மூன்றாவது வாரமே வாஷிங்டனுக்கு ஊர் ஏக்கம் பிடித்துக்கொண்டது. கடல் மாதிரி அகன்ற அந்த ஆறு, அதன் கரையோரம் மூலிகைத் தேநீருக்கான வெந்நீர்க் குடுவையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடக்கிற மனிதர்கள், ஓரத்துக் கடையில் பொரிகிற மாவின் வாசனை, எல்லாம் ராத்திரி பகல் பார்க்காமல் நெஞ்சை அடைத்தன. ஆனால் சுல்மாவிடம் எப்படிச் சொல்வது? அவளோ அந்த ஊரோடு ஒட்டிக்கொண்டுவிட்டாள். சைக்கிள் வாங்கினாள். ஜன்னலில் பூந்தொட்டி வைத்தாள். ஊருக்கு வெளியே தோட்டத் துண்டு வேண்டுமென்று ஏழு வருஷக் காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுத்தாள். நசநசவென்று மழை பெய்தால்கூட, "என்ன அழகான மழை, இல்ல கிழவா?" என்பாள். அவருக்காக வேலையை விட்டவள். அவளிடம் போய், "தப்புப் பண்ணிட்டேன், வா திரும்பிப் போவோம்" என்று எந்த முகத்தோடு சொல்வது?

ஊரில் வேறு பிரச்சினை. தெருமுனை போன் கடையின் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று, ஒரு நாள் சுல்மாவின் தம்பி வால்தெமாரிடம் மட்டும் மனம் திறந்தார்.

"மச்சான், எனக்கு இங்க முடியலைடா."

வால்தெமார் சிரித்த சிரிப்பில் அடுத்த கூண்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"எண்பது பேரைக் கூப்பிட்டு, மாட்டுக்கறி சுட்டுப் போட்டு, நாற்காலி மேல ஏறி நின்னு, 'இனிமே பெர்லின்தான் என் ஊரு, என்னை யாரும் தேடாதீங்க'ன்னு பேசினது யாரு?"

"அது நான் பேசலைடா. ஒயின் பேசுச்சு."

"அப்ப அந்த ஒயினையே திரும்பி வரச் சொல்லு! இங்க பாரு மச்சான். அந்த ஊர் கவர்மெண்ட்டே உன் கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளுச்சுன்னா வா. தியாகின்னு சொல்லி மாலை போட்டு வரவேற்போம். நீயா மூட்டை கட்டிக்கிட்டு வந்தேன்னு வச்சுக்கோ, உன் சாவுக்கு வர்றவன்கூட அதைச் சொல்லிச் சிரிப்பான்."

"அக்காகிட்ட எதுவும் சொல்லிடாதே."

"சொல்லலை. அவ அங்க சந்தோஷமா இருக்கா போலிருக்கு. சைக்கிள் ஓட்டற போட்டோ அனுப்பியிருந்தா."

வாஷிங்டன் கூண்டை விட்டு வெளியே வந்தபோது வழி தெளிவாகிவிட்டது. சுல்மாவின் மனசும் நோகக் கூடாது, ஊரும் சிரிக்கக் கூடாது. அதற்கு அரசாங்கமே 'முடியாது' என்று எழுதித் தர வேண்டும். முத்திரையோடு.

தபால்பெட்டியைச் சுரண்டியது அதன் முதல் படி. மூன்றாம் நாள் காலை இறங்கி வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பெட்டியில் நான்கு திருகாணி போட்டு முடுக்கிய பித்தளைத் தகடு மின்னியது. முழுப் பெயரும் பொறித்திருந்தது.

"வீட்டுல ஒரு தகடு சும்மா கெடந்துச்சு" என்றார் குரோட்கே, திருப்புளியைத் துடைத்துக்கொண்டே. "ரயில்வேல நானே நூத்துக்கணக்குல பொறிச்சிருக்கேன். இனிமே நூறு வருஷத்துக்கு மங்காது. தபால்காரரையும் கூப்பிட்டுக் காட்டிட்டேன்."

பெட்டிக்குள் கடிதம் இருந்தது. அக்டோபர் இருபத்தாறு, திங்கட்கிழமை, காலை ஒன்பதரை.

சுல்மா அதை இரண்டு தரம் படித்தாள். "வந்துடுச்சா!" என்றாள். குரல் நடுங்கியது. சந்தோஷத்தில் நடுங்குகிறாள் பாவம் என்று வாஷிங்டனுக்கு நெஞ்சு கனத்தது.

கொண்டுவர வேண்டியவை: குடியிருப்புப் பதிவு, மருத்துவக் காப்பீடு, இந்த ஊரில் வேலை தரத் தயாராயிருக்கும் இருவரின் கடிதம், மாதம் எவ்வளவு சம்பாதிப்பார் என்ற திட்டம்.

திட்டத்தை அன்றே எழுத உட்கார்ந்தார். மாத வருமானம் என்ற கட்டத்தில் நிதானமாக 190 யூரோ என்று போட்டார். அந்தப் பணத்தில் பெர்லினில் ஒரு பூனைகூட வாழ முடியாது. பார்த்த மாத்திரத்தில் கிழித்துப் போடுவார்கள்.

சுல்மா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"என்ன கிழவா இது, நூத்தித் தொண்ணூறு?"

"உண்மையைத்தானே எழுதணும்?"

"உண்மையா? ஆபீஸர்னா பெரிய நம்பரைப் பார்த்தாத்தான் மதிப்பாங்க. கொடு இங்க." பேனாவைப் பிடுங்கிக் கடைசியில் ஒரு சைபரைப் போட்டாள். "இப்பப் பாரு. ஆயிரத்துத் தொள்ளாயிரம்!"

வாஷிங்டன் அந்த எண்ணைப் பார்த்தார். ஒற்றை முரசை வைத்துக்கொண்டு மாதம் ஆயிரத்துத் தொள்ளாயிரமா? அவராலேயே சிரிப்பை அடக்க முடியவில்லை. அலுவலகத்தில் இதைக் கையில் வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். 190-ஐ விட இதுவே பொல்லாதது. "நீ சொன்னா சரிதான் கிழவி" என்றார் ஆனந்தமாக.

அடுத்தது அந்த இரண்டு கடிதங்கள். அவருக்கு யாரும் கடிதம் தந்துவிடக் கூடாது. அதற்குச் சுற்றுவட்டாரமே அவரை வெறுக்க வேண்டும்.

அது அந்த ஊரில் சுலபம். ஞாயிற்றுக்கிழமை அங்கே சத்தம் ஆகாது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, புல் வெட்டக் கூடாது, காலிப் பாட்டிலைக் குப்பைத்தொட்டியில் போட்டால்கூட எதிர்வீட்டு ஜன்னல் திறக்கும். வாஷிங்டன் ஆகஸ்ட் மாதத்திலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் மதியம் சரியாக இரண்டு மணிக்குத் தொடங்கி நான்கு மணிவரை முற்றத்தில் உட்கார்ந்து முரசடித்தார்.

வம்புக்காகத்தான் ஆரம்பித்தார். ஆனால் அடிக்க அடிக்க வேறு என்னவோ ஆனது. கந்தோம்பேக்கு மூன்று வகை முரசு வேண்டும். ஒன்று கேட்கும், ஒன்று பதில் சொல்லும், ஒன்று இரண்டுக்கும் நடுவில் விடாமல் தாளம் பிடிக்கும். அவரிடம் இருந்தது கேட்கிற முரசு மட்டும். ஒரு கேள்வியை அடித்துவிட்டு, பதில் வர வேண்டிய இடத்தில் கையை நிறுத்துவார். பதில் வராது. மறுபடி அடிப்பார். மேலே ஐந்து மாடி ஜன்னல்களும் சாத்தியிருக்கும். சில ஞாயிறு அவருக்குக் கண் கலங்கிவிடும். மூன்றாம் மாடி ஜன்னலில் சுல்மா கையைக் கன்னத்தில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருப்பாள். புருஷன் தொழிலில் மும்முரமாக இருக்கிறானே என்ற பெருமை என்று இவர் நினைத்துக்கொள்வார்.

குரோட்கே முதல் வாரம் கதவைத் தட்டினார். இரண்டாம் வாரம் வீட்டு விதிகளை நகலெடுத்துக் கொடுத்தார். மூன்றாம் வாரத்திலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தோடு ஜன்னலில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. அக்டோபர் பிறந்துவிட்டது. வாஷிங்டன் கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

முற்றத்தின் நடுவே, குப்பைத்தொட்டிகளுக்குப் பக்கத்தில், பழைய பேப்பரைக் குவித்துத் தீ வைத்தார். முரசைச் சாய்த்துத் தோலைக் காய்ச்சினார். ஈரக் காற்றில் தொய்ந்திருந்த தோல் ஒரு வருஷத்துக்குப் பிறகு 'டங்' என்றது. அந்த ஒரு சத்தத்தில் ஊர், தெரு, நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஜனங்கள், செத்துப்போன அப்பா, எல்லோரும் வந்து நின்றார்கள். வாஷிங்டன் கண்ணை மூடிக்கொண்டு அடித்தார்.

கண்ணைத் திறந்தபோது முற்றத்தில் ஆறு தீயணைப்பு வீரர்கள் நின்றார்கள்.

"யாரு கூப்பிட்டது உங்களை?" என்றார், பரவசத்தை மறைத்துக்கொண்டு.

"ஒரு பெண்குரல். பேர் சொல்லலை" என்றார் தலைவர் போலிருந்த ஆறடி ஆசாமி. ஹோல்கர் என்று சட்டையில் எழுதியிருந்தது. "கட்டடமே எரியுதுன்னாங்க. நீங்க என்ன பண்றீங்க?"

"தோல் காய்ச்சறேன்."

"எதுக்கு?"

வாஷிங்டன் வாயால் சொல்லவில்லை. அடித்துக் காட்டினார். எவ்வளவு சத்தமாக அடித்தால் எவ்வளவு அபராதமோ அவ்வளவு சத்தமாக அடித்தார். ஹோல்கர் கேட்டுக்கொண்டே நின்றார். தலைக்கவசத்தைக் கழற்றி விரலால் தட்டினார். கேட்கிற முரசு நின்ற இடத்தில் அந்தக் கவசம் பதில் சொன்னது. இன்னொருவர் வாளியைக் கவிழ்த்தார். ஐந்து நிமிஷத்தில் ஆறு பேரும் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்க ஸ்டேஷன்ல வாத்தியக் குழு ஒண்ணு இருக்கு" என்றார் ஹோல்கர், வேர்வையைத் துடைத்துக்கொண்டு. "பன்னெண்டு பேரு. சொல்லிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. வியாழக்கிழமை வர்றீங்களா?"

"எனக்கு அனுமதி முடியப் போகுது. முடியாது."

"அதுக்கு என்ன காகிதம் வேணும்? நான் தர்றேன்."

"வேண்டாங்க, உங்களுக்கு எதுக்கு சிரமம்…"

"சிரமமா? முதல்ல தீயை அணைங்கடா!" என்று ஆட்களை அதட்டிவிட்டு, வண்டியிலிருந்து காகிதம் எடுத்து, அங்கேயே முழங்காலில் வைத்து எழுதினார் ஹோல்கர். வட்ட முத்திரை ஒன்றும் அழுத்தினார். தீயணைப்பு நிலையத்தின் முத்திரை. அப்படியொரு முத்திரைக்கு அந்த ஆஸ்திரேலியாக்காரர் தன் கதவுகளையெல்லாம் கொடுத்திருப்பார்.

சுல்மா கடிதத்தைப் படித்தாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். "உனக்கு என்ன அதிர்ஷ்டம் பாரு கிழவா" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. ஆனந்தக் கண்ணீர் என்று வாஷிங்டன் வெளியே நின்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஆனால் இரண்டு கடிதம் வேண்டும், ஒன்றுதான் இருந்தது. இன்னும் நம்பிக்கை இருந்தது. குரோட்கே கொதித்துக்கொண்டிருந்தார். அந்தக் கொதிப்பு அடங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அங்கேதான் சுல்மா காரியத்தைக் கெடுத்தாள். வாரா வாரம் சீமைமாதுளைப் பாகு வைத்த பணியாரம் சுட்டு, தட்டில் மூடி எடுத்துக்கொண்டு முதல் மாடிக்குப் போனாள். அரை மணி, முக்கால் மணி பேசினாள்.

"எதுக்கு அந்த ஆளுக்குப் பணியாரம்?" என்றார் எரிச்சலை அடக்கிக்கொண்டு.

"பக்கத்துல இருக்கறவங்களை அனுசரிச்சுப் போக வேண்டாமா? பாவம், தனி மனுஷன்."

நான் அரும்பாடுபட்டு மூட்டுகிற கோபத்தை இவள் பணியாரம் போட்டு அணைக்கிறாளே என்று வாஷிங்டன் பல்லைக் கடித்தார். ஆனால் கடவுள் கைவிடவில்லை. அக்டோபர் நடுவில் ஒரு நாள் குரோட்கே படிக்கட்டில் அவரை வழிமறித்தார்.

"உங்களுக்கு முன்னாடியே சொல்றதுதான் மரியாதை. வெளிநாட்டவர் அலுவலகத்துக்கே எழுதிட்டேன். மூணு பக்கம். பதிவுத் தபால்."

"புகாரா?"

"புகார்தான்."

"ரொம்ப நன்றிங்க!" என்று வாஷிங்டன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். குரோட்கே கையை உருவிக்கொண்டு, படியில் ஒரு நிமிஷம் குழம்பிப் போய் நின்றார்.

கடைசி ஏற்பாடு தாமதமாகப் போவது. அந்த ஊரில் ஐந்து நிமிஷம் தாமதம் என்றால் முகம் சுளிப்பார்கள், முக்கால் மணி தாமதம் என்றால் ஆளே செத்துவிட்டதாக நினைத்து அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். திங்கட்கிழமை காலை சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வாஷிங்டன் இரண்டு தரம் பல் தேய்த்தார். ஒன்பதே முக்காலுக்குத்தான் வீட்டை விட்டுக் கிளம்பினார். சுல்மா அவசரப்படுத்தவில்லை. "பார்த்துப் போ, நிதானமாப் போ" என்று சட்டைக் காலரைச் சரிசெய்தாள். ரயிலில் அரை மணி. இறங்கி நடக்கும்போது கணக்குப் போட்டார். பத்தேகால் தாண்டியிருக்கும். இருதயம் லேசானது. ஆற்றங்கரையும் பொரிகிற மாவும் இனி பதினைந்தே நாளில்.

வாசலில் நின்ற காவலர் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். பேட்ஜில் ஷாஹின் என்றிருந்தது. நரைத்த மீசை.

"வாஷிங்டன். அமெரிக்காவா?"

"உருகுவே."

காவலர் கடிதத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, "போங்க சார், எது நல்லதோ அது நடக்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

"முக்கால் மணி லேட்டா வந்திருக்கேன். உள்ள விடுவாங்களா?"

"லேட்டா? மணி ஒன்பது பதினேழு. முந்தாநேத்து ராத்திரி கடிகாரத்தை ஒரு மணி பின்னால வச்சாங்களே, குளிர்காலம் ஆரம்பிச்சிருச்சு. நீங்க வைக்கலையா? ரொம்பப் பேரு மறந்துட்டாங்க. நீங்க பதிமூணு நிமிஷம் முன்னாடியே வந்துட்டீங்க."

அதிகாரி டெட்லாஃப் அம்மாள் ஐம்பது வயதுக்காரி. கண்ணாடி மூக்கு நுனியில் இருந்தது. மேஜையில் பெரிய கோப்பு.

"உட்காருங்க. நேரத்துக்கு முன்னாடியே வந்திருக்கீங்க, நல்லது." பக்கம் புரட்டினாள். "வருமானம் ஆயிரத்துத் தொள்ளாயிரம். ம். எல்லாரும் ஐயாயிரம், ஆறாயிரம்னு போட்டு எடுத்துட்டு வர்றாங்க. நான் பார்த்ததிலேயே இதுதான் நிதானமான கணக்கு."

வாஷிங்டன் கோப்புக்குள் எட்டிப் பார்த்தார்.

"தீயணைப்பு நிலையக் கடிதம். முத்திரை இருக்கு. சரி. ரெண்டாவது கடிதம்…"

"ரெண்டாவது இல்லைங்க. ஒண்ணுதான்" என்றார் ஆவலாக.

"இருக்கே. பதிவுத் தபால்ல வந்திருக்கு. ஒரு குரோட்கே." அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தாள். "'இவர் ஆகஸ்ட் இரண்டாம் தேதியிலிருந்து ஒரு வாரம் தவறாமல், மழை பெய்தாலும், மதியம் சரியாக இரண்டு மணி பூஜ்யம் நிமிடத்துக்கு ஆரம்பித்து, நான்கு மணிக்கு ஒரு வினாடி முன்னும் பின்னும் இல்லாமல் முடிக்கிறார்.' அட்டவணையும் இணைச்சிருக்காரு. பத்து வாரம்."

"அது புகாருங்க! என்னை வெளியேத்தச் சொல்லி எழுதியிருக்காரு!"

"ஆமா, கடைசிப் பக்கத்துல அப்படித்தான் எழுதியிருக்கு. அது வீட்டுக்காரங்க விவகாரம், எனக்குச் சம்பந்தமில்லை. ஆனா ஒரு கலைஞரைப் பத்தி, அதுவும் ரயில்வேல இருந்த ஒருத்தர், நேரந்தவறாதவர்னு எழுதிக் கொடுத்து இருபத்தாறு வருஷத்துல நான் பார்த்ததில்லை. அதோட, இவர் தொழில் செய்யத்தான் இங்க இருக்காருங்கறதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்? இருந்தாலும் ஒண்ணு கேக்கறேன். எதுக்காக இந்த ஊர்ல இருக்கணும்னு நினைக்கறீங்க?"

இதுதான் கடைசி வாய்ப்பு. வாஷிங்டன் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார்.

"நினைக்கலைங்க" என்றார். "எனக்கு எங்க ஊர் வேணும். ஞாயித்துக்கிழமை தெருமுனையில தீ மூட்டுவாங்க. புகை வாசனை சட்டையில மூணு நாள் இருக்கும். எங்கப்பா பதில் முரசு அடிப்பாரு, நான் கேள்வி அடிப்பேன். அவர் போனப்புறம் அந்த இடத்துல அவர் சிநேகிதர் நின்னாரு. இப்ப நான் அடிச்சா பதில் சொல்ல ஆளில்லை. ஆறு எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியாத ஊர்ல எனக்கு நடக்கவே தெரியலை. கண்ணை மூடினா அந்தக் கரைதான் தெரியுது. இங்க ஒரு வருஷமா எல்லாம் நல்லாத்தான் இருக்கு. யாரும் கெடுதல் பண்ணலை. ஆனா நான் இங்க இல்லைங்க."

சொல்லி முடிக்கும்போது அழுகை வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால் டெட்லாஃப் அம்மாளும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் கடலோரத்துக்காரி" என்றாள். "மீன் கருவாடு போடற ஊரு. இங்க வந்து முப்பது வருஷமாச்சு. இன்னிக்கும் காலையில ஜன்னலைத் திறந்தா முதல்ல கடல் சத்தத்தைத்தான் தேடறேன்." மூக்கை உறிஞ்சினாள். "இந்த நாற்காலியில உட்கார்ந்து எத்தனையோ பேரு பெர்லின்தான் சொர்க்கம்னு மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சிருக்காங்க. உங்களை மாதிரி ஒருத்தர் அடிக்கற முரசைத்தான் இந்த ஊர் கேக்கணும். எல்லாருக்கும் ஒரு வருஷம்தான் கொடுக்கறேன். உங்களுக்கு மூணு வருஷம்."

"வேண்டாங்க!"

"கூச்சப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு ஒட்டுத்தாளை ஒட்டி, உள்ளங்கையால் நன்றாக அழுத்தித் தேய்த்தாள்.

வாஷிங்டனுக்குத் தான் படியிறங்கி வந்ததே தெரியவில்லை. மூன்று வருஷம். சுல்மா இதைப் பார்த்துக் குதிப்பாள். தோட்டத் துண்டில் தக்காளி போடுவாள். அவளுடைய அந்தச் சந்தோஷத்தை ஆயிரம் நாள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டு, மழை அழகாக இருக்கிறது என்று இவரும் சொல்ல வேண்டும். சரி, சொல்லலாம். அவள் இவருக்காகப் பன்னிரண்டு வருஷ வேலையை விட்டவள், இவர் அவளுக்காக மூன்று வருஷம் ஊரை விடக் கூடாதா? வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, அவளிடம் காட்ட ஒரு சிரிப்பைத் தயார்செய்து பார்த்தார். சரியாக வரவில்லை.

காவலர் ஷாஹின் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன சார் ஆச்சு?"

"மூணு வருஷம் கொடுத்துட்டாங்க."

"அடப் பாவமே!"

"பாவமா? ஏன்?"

காவலர் இருபுறமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் சொல்லக் கூடாதுதான். ஆனா உருகுவேல பொறந்த வாஷிங்டன் இந்த ஊர்ல எத்தனை பேரு இருந்துடப் போறாங்க? போன புதன்கிழமை ஒரு அம்மா இதே பெஞ்சில உட்கார்ந்து ஒரு மணி நேரம் அழுதாங்க சார். 'எனக்கு ஊருக்குப் போகணும், எங்க வீட்டுக்காரர் வாஷிங்டனுக்கு இந்த ஊர்னா உசுரு, அவர்கிட்ட சொல்ல மனசு வரலை. வருமானத்துல நானே ஒரு சைபரைக் கூட்டிப் போட்டேன், தீயணைப்பு வண்டிக்கு நானே போன் பண்ணினேன், கீழ்வீட்டுக்காரருக்குப் பணியாரம் சுட்டுக் கொடுத்துப் புகார் எழுத வச்சேன். அவருக்கு அனுமதி கிடைக்காமப் போக இது போதுமா, இல்ல இன்னும் ஏதாச்சும் செய்யணுமா அண்ணே?'ன்னு கேட்டாங்க."